கொறடா சொல்படிதான் கை உயரும் என்றால், உறுப்பினர் எதற்கு?

ஊரணிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். வாக்குரிமை வந்த நாள் முதல் ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை; எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருந்ததும் இல்லை. சில காலமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை விவரம் அறிந்தவர்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் ஊரணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், சாலையை அகலப்படுத்தும் வேலையின்போது மண்ணால் மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பின் பெய்த மழையெல்லாம் சாலையோரமாகவே வழிந்தோடிவிட, ஊரணி கோடை தொடங்கும் முன்பே சேறாகிப் போனது. வீட்டு வளவில் விழும் மழையைக்கூட வீணாக்காமல் ஊரணிக்குக் கொண்டுசேர்த்த ஊர்கள் இவை என்பதை இவ்வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அப்போதைய சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்தோம். மரியாதையாக உட்கார வைத்து, நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் எங்கள் அரசின் துறை செய்த வேலையை நானே அவையில் எழுந்து குறை சொன்னால் கட்சியில் வேறு விதமாக எடுத்துக்கொள்வார்கள். அமைச்சரிடம் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார் என்றே இன்றும் நினைக்கிறேன். வரத்துக்கால் மட்டும் இன்னும் திறக்கப்படவில்லை.

காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் என் மகள் அடுத்த தேர்தலில் முதல் முறையாக வாக்களிக்கப் போகிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டாள்: "கட்சி சொல்வதைத் தவிர வேறெதையும் சொல்லவும் முடியாது, எப்படி வாக்களிப்பது என்று கட்சி சார்பில் ஆணையிடும் கொறடா சொன்னபடிதான் கை உயர்த்த முடியும் என்றால், 234 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவானேன்? கட்சிக்கு இத்தனை விழுக்காடு என்று எண்ணி, அந்த எடையைத் தலைவர்களிடமே கொடுத்துவிடலாமே, அப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுப்பாடு சட்டத்தால் வந்ததா, வழக்கத்தால் வந்ததா? நாம் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? நாடாளுமன்ற முறையைப் பின்பற்றும் பிற நாடுகளிலும் இப்படித்தானா? எந்தக் கட்சியையும் தாக்குவதற்காக நான் கேட்கவில்லை. ஆகவே பதில்களும் அந்த அளவில் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


தேவகோட்டை வழக்கறிஞர்:

ஐயா, உங்கள் மகளின் கேள்வி சட்டக் கல்லூரியில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்போம்.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பில் அரசியல் கட்சி என்பதற்கு இடமே தரப்படவில்லை. தொகுதி இருந்தது, உறுப்பினர் இருந்தார், அவை இருந்தது. கட்சி அதற்குள் முறையாக நுழைந்தது 1985இல், 52ஆம் திருத்தம் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தபோதுதான். நாம் பேச்சுவழக்கில் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று சொல்வது அதைத்தான். ஓர் உறுப்பினர் இரண்டு காரணங்களால் பதவி இழப்பார் என்று அது கூறுகிறது. ஒன்று, தம் கட்சியின் உறுப்பினர் பொறுப்பைத் தாமாகவே கைவிடுதல். மற்றொன்று, கட்சியின் ஆணைக்கு மாறாக அவையில் வாக்களித்தல் அல்லது வாக்களிக்காமல் விலகி நிற்றல். இரண்டாவது காரணத்தில், பதினைந்து நாட்களுக்குள் கட்சி பொறுத்துக்கொண்டால் பதவி தப்பும்.

இதில் பேச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சட்டமன்றத்தில் பேசும் உரிமையை அரசியலமைப்பின் 194ஆம் பிரிவு உறுப்பினருக்குத் தருகிறது. மூடிப்போன ஒரு வரத்துக்காலைப் பற்றி அவையில் பேசியதற்காக எந்த உறுப்பினரின் பதவியையும் இந்தச் சட்டத்தின் நேர்ப்பொருளில் பறிக்க முடியாது. ஆகவே உங்கள் உறுப்பினரைத் தடுத்தது சட்டமன்று. அடுத்த முறை சீட்டுக் கிடைக்காமல் போகலாம் என்ற அச்சம்.

ஆனாலும் அந்த அச்சத்துக்குச் சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது என்பதை மறைக்கக் கூடாது. "தாமாகவே கைவிடுதல்" என்பதற்கு விலகல் கடிதம் கொடுத்திருக்க வேண்டியதில்லை, நடத்தையிலிருந்தே அதை அனுமானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994இலேயே கூறிவிட்டது. அதன் விளைவை நம் மாநிலம் 2017இல் கண்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் 122 பேர் ஆதரித்தும், ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். எதிர்த்து வாக்களித்த அந்தப் பதினொருவரில் ஒருவரும் அந்தப் பேரவையின் காலம் முடியும் வரை இந்தச் சட்டத்தின் கீழ் பதவி இழக்கவில்லை. மாறாக, ஆகஸ்ட் மாதத்தில் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தவர்களில் 18 பேர், அவையில் ஒரு வாக்குக்கூட மாற்றிப் போடாத நிலையில், செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவரால் பதவிநீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் பதவிநீக்கம் செல்லும் என்றார். அந்தப் பதினெட்டுத் தொகுதிகளுள் நம் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையும் ஒன்று. இடைத்தேர்தலில் வென்றவர் வரும் வரை ஏறத்தாழ இருபது மாதங்கள் அந்தத் தொகுதிக்குப் பேரவையில் குரல் இல்லை. அந்த மக்கள் எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்குத் தாவினார்கள்?

இதில் பெரிய குறை என்று நான் கருதுவது தீர்ப்பளிக்கும் இடம். பேரவைத் தலைவர் பெரும்பாலும் ஆளும் கட்சியின் வேட்பாளராக வென்று வந்தவர். 1992இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தபோது, அவருடைய முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று சேர்த்துச் சொன்னது. ஆனால் அவர் முடிவே எடுக்காமல் காலம் கடத்தினால் என்ன செய்வது என்ற சிக்கல் தொடர்ந்தது. மணிப்பூர் வழக்கில் 2020ஆம் ஆண்டு, வழக்கத்துக்கு மாறான சூழல் இல்லாதவரை மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும், இந்த அதிகாரத்தைத் தனித் தீர்ப்பாயம் ஒன்றிடம் ஒப்படைப்பதை நாடாளுமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. தீர்ப்பாயம் இன்னும் வரவில்லை.

கொறடாவின் ஆணை, அரசு நிலைக்குமா கவிழுமா என்பதைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளுக்கு மட்டுமே பதவிப் பறிப்பு என்ற வலிமையோடு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே ஏறத்தாழ இதைத்தான் பரிந்துரைத்தது. ஒரு சாதாரண மசோதாவில் ஓர் உறுப்பினர் தம் தொகுதிக்காக மாற்றி வாக்களித்தால் ஆட்சி கவிழ்ந்துவிடாது.


திருப்பத்தூர் பழைய தொண்டன்:

வழக்கறிஞர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் இதன் மறுபக்கத்தை, முப்பத்தைந்து ஆண்டுகள் கிளை அளவில் கட்சிப் பணி செய்தவன் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தக் கட்சி என்பது இந்த விவாதத்துக்குத் தேவையில்லை.

சுவரில் சின்னம் வரைய இடம் பிடித்து, அதைக் காக்க இரவு முழுவதும் கண் விழித்து, வெயிலில் வீடு வீடாகப் படியேறி நாங்கள் கேட்ட வாக்கு எங்கள் கொள்கைக்கும் சின்னத்துக்கும் கேட்ட வாக்கு. வேட்பாளரின் முகத்தைத் தெரியாத ஊர்களிலும் அந்தச் சின்னத்துக்கு வாக்கு விழுந்தது. அப்படி வென்று போனவர், அடுத்த வாரமே அமைச்சர் பதவிக்காக வேறு பக்கம் போய் உட்கார்ந்தால் அவரைத் தட்டிக் கேட்க எங்களுக்கு என்ன வழி இருந்தது? 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் சில நாட்களுக்குள் மும்முறை கட்சி மாறியதும், "ஆயா ராம், கயா ராம்" என்பது வடநாட்டில் பழமொழியாகவே ஆனதும் அனைவரும் அறிந்தவை. அதற்கும் முன்னால், 1952இல் சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் 152 மட்டுமே வென்ற காங்கிரஸ், தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவை வழியாகக் கொண்டுவந்து, பிற கட்சியினரையும் சுயேச்சைகளையும் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தது. வாக்காளர் கொடுத்த தீர்ப்பு ஒன்று, அவையில் உருவான கணக்கு வேறொன்று. இந்த நிலை மீண்டும் வர வேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டார்கள் என நம்புகிறேன்.

கட்சியின் முடிவு பிடிக்கவில்லை என்றால் உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1996இல் காங்கிரசின் அகில இந்தியத் தலைமை அ.தி.மு.க.வுடன் கூட்டணி என்று அறிவித்தபோது, இங்கிருந்த காங்கிரஸ்காரர்களில் பெரும் பகுதியினர் அதை ஏற்க மறுத்தார்கள். மூப்பனார் தலைமையில் தமிழ் மாநில காங்கிரஸ் பிறந்தது. வாக்குப்பதிவுக்கு முன்னால், தனிச் சின்னத்தோடு, மக்களிடம் நேரே போய்த் தங்கள் மாறுபாட்டைச் சொன்னார்கள். மக்கள் 20 மக்களவை இடங்களையும் 39 சட்டமன்ற இடங்களையும் தந்தார்கள்; அந்த இருபதில் நம் சிவகங்கையும் ஒன்று. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, காங்கிரசை விட்டு விலகிய ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியின் சார்பில் நின்று, கம்பன் கழகம் கண்ட சா. கணேசன் 1962இல் காரைக்குடியில் வென்றிருக்கிறார். கட்சியை எதிர்ப்பவர் வாக்காளரிடம் போய் எதிர்க்கட்டும். வாக்கை வாங்கிய பின் அவைக்குள் பேரம் பேச வேண்டாம். என் நிலைப்பாடு அவ்வளவுதான்.

அப்படியென்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேனா? இல்லை. நோய் இருக்கும் இடம் அவை அன்று. நோய் கட்சிக்குள் இருக்கிறது. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் கிளைக்கு ஒரு படிப்பகம் இருந்தது. ஓலைக் கொட்டகைதான். மாலையில் நாளிதழை ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் வாதாடுவார்கள். கிளைச் செயலாளர் தேர்தலில் இரண்டு பேர் நின்றால் உண்மையாகவே போட்டி இருக்கும். தோற்றவர் மறுநாள் வந்து அதே பெஞ்சில் உட்காருவார். ஒன்றியச் செயலாளர் வந்தால் நாங்கள் கேள்வி கேட்போம், அவர் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது கிளைச் செயலாளர் பெயரை மேலிருந்து அறிவிக்கிறார்கள். கூட்டம் என்றால் தலைவர் வரும் நாளில் எத்தனை வேன் ஆட்கள் என்ற கணக்குத்தான். வேட்பாளர் யார் என்பதைத் தொண்டனைக் கேட்டு முடிவு செய்வதில்லை. கருத்துக்கணிப்பு நடத்தும் நிறுவனம் சொல்கிறது. விருப்ப மனுக் கொடுத்துவிட்டு நேர்காணலுக்குப் போன என் நண்பர் ஒருவரிடம் அவர் செய்த பணியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று மட்டும் கேட்டார்கள் என்று அவரே என்னிடம் கண் கலங்கச் சொன்னார். அப்படித் தேர்வாகி அவைக்குப் போகிறவர், கீழே இருக்கும் எங்களுக்கு எதற்காகப் பயப்பட வேண்டும்? சீட்டைக் கொடுத்தவருக்குத்தான் பயப்படுவார். ஊரணிக்கரை ஐயாவின் உறுப்பினர் பயந்ததும் அதனால்தான்.


பள்ளத்தூர் ஆச்சி:

தொண்டர் அண்ணன் எழுதியதைப் படித்தபின் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நகரத்தார் வீட்டில் பிறந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்த ஓர் ஏற்பாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஒன்பது நகரக் கோயில்களில் திருமணமான ஆண்மகன் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. மகனுக்குத் திருமணமானால் அவன் தனிப் புள்ளி. கோயில் செலவுக்குப் புள்ளி வரி விழும்போது பெரிய வீடு கட்டியவருக்கும் சின்ன வீட்டில் இருப்பவருக்கும் தலைக்கு ஒரே கணக்கு. வரி கொடுத்தவர் என்பதாலேயே கூட்டத்தில் எழுந்து, கணக்கில் இது என்ன, அது ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். பொறுப்பில் இருப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். இதை நான் மக்களாட்சிக்கு மாதிரி என்று காட்டவில்லை. இது ஒரு சமூகத்துக்குள் மட்டும் நடப்பது. பெண்ணாகிய எனக்கு அதில் என் பெயரில் புள்ளியும் இல்லை. அந்தக் குறை எனக்கு எப்போதும் உண்டு. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஓர் அமைப்பு யாருடைய காசில் நடக்கிறதோ அவரிடம்தான் அது கணக்குச் சொல்லும்.

நம் கட்சிகள் யாருடைய காசில் நடக்கின்றன? உறுப்பினர் கட்டணம் பெயருக்கு இருக்கிறது. மாநாட்டுப் பந்தலும், தலைவர்கள் பறக்கும் தனி விமானமும் அதில் வருவதில்லை. 2018இல் தொடங்கிய தேர்தல் பத்திரத் திட்டத்தில், யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பதை வாக்காளர் அறியவே முடியாமல் இருந்தது. வாக்காளரின் தகவல் உரிமைக்கு அது எதிரானது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து ரத்து செய்த பிறகுதான் பெயர்கள் வெளியே வந்தன. சட்டமன்றத் தேர்தலில் நம் மாநிலத்தில் ஒரு வேட்பாளர் 40 லட்ச ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. தொண்டன் கொடுக்கும் காசு கட்சிக்குத் தேவைப்படாதபோது, தொண்டன் கேட்கும் கேள்வியும் தேவைப்படாமல் போகிறது. படிப்பகம் மூடப்பட்டதற்கு இதையே நான் முதற்காரணமாகக் கருதுகிறேன்.

ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் இதில் நமக்குப் படிப்பினை தரும். அதன் 21ஆம் பிரிவு, கட்சிகளின் உள்ளமைப்பு மக்களாட்சி நெறிகளுக்கு இணங்க இருக்க வேண்டும் என்கிறது. பணம் எங்கிருந்து வந்தது, எதற்குச் செலவானது, சொத்து எவ்வளவு என்று பொதுவில் கணக்குக் காட்டவும் கட்டளையிடுகிறது. 38ஆம் பிரிவோ, நாடாளுமன்ற உறுப்பினர் முழு மக்களின் பிரதிநிதி, எந்த ஆணைக்கும் கட்டுப்பட்டவர் அல்லர், தம் மனச்சான்றுக்கு மட்டுமே உட்பட்டவர் என்கிறது. கட்சிக்கு ஒழுங்கு, உறுப்பினருக்கு உரிமை என இரண்டையும் ஒரே சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். நாமோ உறுப்பினரைக் கட்டிப்போடப் பத்தாம் அட்டவணையை எழுதினோம். கட்சியைக் கட்டுப்படுத்த ஒன்றும் எழுதவில்லை. கட்சிகளைப் பதிவு செய்யும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவு, அரசியலமைப்புக்கும் மக்களாட்சிக்கும் உண்மையாக இருப்போம் என்ற உறுதிமொழியைக் கேட்கிறது. அதை மீறும் கட்சியின் பதிவை நீக்கும் பொதுவான அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. உட்கட்சித் தேர்தலைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999இல் தன் 170ஆம் அறிக்கையில் எழுதியது அப்படியே இருக்கிறது.

உட்கட்சித் தேர்தல் நடக்கவே நடக்காது என்று சொல்லவும் மாட்டேன். 2022இல் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு வாக்குச்சீட்டு முறையில் தேர்தல் நடந்தது. கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றார்கள். முடிவு முன்பே தெரிந்ததுதான் என்று பலர் சொன்னார்கள், இருக்கலாம். ஆனாலும் தலைமையின் மனம் தெரிந்த பிறகும் ஆயிரம் பேர் மாற்றிக் குத்தினார்கள் என்பது எனக்குச் சிறிய செய்தியாகத் தெரியவில்லை.


காரைக்குடியிலிருந்து லண்டன்:

இருபது ஆண்டுகளாக இங்கே வாழ்கிறேன். ஊரணிக்கரை ஐயா பிற நாடுகளைப் பற்றிக் கேட்டதால் இங்குள்ள நிலையை மட்டும் எழுதுகிறேன்.

கொறடா என்றால் சாட்டை. அந்தப் பொருளுடைய பதவியை நாம் எடுத்துக்கொண்டதே பிரிட்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்துதான். ஒவ்வொரு வாரமும் உறுப்பினர்களுக்கு வரும் சுற்றறிக்கையில், முக்கியமான வாக்கெடுப்பின் கீழ் மூன்று கோடுகள் போட்டிருக்கும். அதை மீறினால் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கலாம். ஆனால் பதவி போகாது. 2003 மார்ச்சில் ஈராக் போர் குறித்த வாக்கெடுப்பில் ஆளும் தொழிற்கட்சியின் 139 உறுப்பினர்கள் தங்கள் பிரதமருக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்தார்கள். அதற்காக ஒருவரும் தொகுதியை இழக்கவில்லை. 2019 செப்டம்பர் 3 அன்று, உடன்பாடின்றி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்க வாக்களித்த 21 கன்சர்வேடிவ் உறுப்பினர்களை அவர்களுடைய கட்சி நீக்கியது. அவர்களில் முன்னாள் நிதியமைச்சர்களும் இருந்தார்கள். மறுநாளும் அதே அவையில் தங்கள் தொகுதியின் உறுப்பினராகவே உட்கார்ந்தார்கள். இதே வாக்கை நம் நாட்டில் போட்டிருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான்.

அவர்களுக்கு அந்தத் துணிவு வரக் காரணம் சட்டம் மட்டும் அன்று என்று நினைக்கிறேன். இங்கே வேட்பாளரை இறுதியாகத் தேர்ந்தெடுப்பதில் தொகுதியில் உள்ள கட்சி உறுப்பினர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தலைமையைப் பகைத்துக்கொண்டாலும் தொகுதிக்காரர்கள் கைவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கை பலரைக் காப்பாற்றியிருக்கிறது. தொண்டர் ஐயாவின் வாதத்துக்கு இது வலுச் சேர்க்கும்.

ஆச்சி அவர்களின் கருத்தோடு எனக்குப் பெரிதும் உடன்பாடு. ஒரு தயக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர்கள் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதற்கு 2022 எதிர்ச்சான்று. கன்சர்வேடிவ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக் 137 வாக்குகளும் லிஸ் டிரஸ் 113 வாக்குகளும் பெற்றார்கள். கட்சி உறுப்பினர்களோ டிரஸ்ஸுக்கு 81,326, சுனக்குக்கு 60,399 என்று மாற்றித் தீர்ப்பளித்தார்கள். தம் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களிலேயே பெரும்பாலோரின் முதல் தேர்வாக இல்லாத ஒருவர் பிரதமரானார். வரவு செலவுத் திட்டம் சந்தையைக் கலக்க, ஏழு வாரங்களில் பதவி விலகினார். சந்தா கட்டிய உறுப்பினர் சில லட்சம் பேர்கூட இல்லை, நாட்டு வாக்காளரோ ஏறத்தாழ ஐந்து கோடி பேர். கட்சிக்காரர்களின் மனமும் வாக்காளர்களின் மனமும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இதற்கு நல்ல விடை என்ன என்று எனக்குள் இன்னும் முடிவாகவில்லை.


திருப்பத்தூர் பழைய தொண்டன்:

லண்டன் தம்பி சொன்ன ஐயம் சரியானதுதான். ஆனால் அவர்களுக்கு மிகையாக இருப்பது நமக்கு அறவே இல்லை. பசியால் வாடுகிறவனிடம் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் செரிக்காது என்று சொல்வதில் இப்போதைக்குப் பயனில்லை.


ஊரணிக்கரை:

அனைவருக்கும் நன்றி. பதில்களை மகளுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் உறுப்பினர்கள் எல்லாவற்றிலும் ஒரே அளவுக்குக் கட்டுண்டவர்கள் அல்லர், பேசலாம், கேட்கலாம், வாக்குத்தான் கட்டுண்டது" என்று அவளே பிரித்துப் புரிந்துகொண்டாள். எங்கள் ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கட்சிச் சின்னம் இல்லாமல் தேர்வாகிறவர்கள் என்பதால்தான் கிராம சபையில் அவர்களை நேருக்கு நேர் கேட்க முடிகிறதோ என்றும் கேட்டாள். ஓரளவு அப்படித்தான் என்று எனக்கும் படுகிறது; ஆனால் சாலை வேலை ஊராட்சியின் அதிகாரத்தில் இல்லை, அதனால் அங்கே தீர்மானம் போட்டும் பயன் விளையவில்லை.

வழக்கறிஞர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். நம் உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று நாம் பார்க்க முடியுமா? கட்சிக்கு அஞ்சும் உறுப்பினரை வைத்துக்கொண்டே எங்கள் வரத்துக்காலைப் பேரவைக்குக் கொண்டுபோக வழி உண்டா?


தேவகோட்டை வழக்கறிஞர்:

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் முடியாது. மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. ஆதரிப்போர் ஆம் என்க, எதிர்ப்போர் இல்லை என்க என்று கேட்டு, எந்தக் குரல் ஓங்கியது என்பதை அவைத் தலைவர் அறிவிப்பார். யாராவது வற்புறுத்தி எண்ணிக் கணிக்கச் சொன்னால்தான் பெயர்கள் பதிவாகும். மக்களவையிலும் வழக்கம் இதுவே. கொறடாவின் பிடி இல்லாமல் உறுப்பினர்கள் மனம் விட்டுப் பேசும் இடம் மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுக்கள்தாம்; அங்கே கட்சி கடந்து அறிக்கை எழுதிய நிகழ்வுகள் பல உண்டு. ஆனால் 15ஆம் மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 17ஆம் மக்களவையில் அது 16 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 55 நாட்கள் மட்டுமே கூடிய அவை அது. முதல் மக்களவை சராசரியாக 135 நாட்கள் கூடியது. வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா 2021 நவம்பர் 29 அன்று விவாதமே இல்லாமல் நிறைவேறியது. திரும்பப் பெற்றதை வரவேற்றவர்களும் அது பற்றிப் பேச விரும்பினார்கள், இடம் தரப்படவில்லை. உறுப்பினரின் வாக்கு கட்டுண்டிருக்கும் நாட்டில் அவருடைய பேச்சுக்கும் நேரம் குறைந்துகொண்டே போவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: உண்டு. பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. பல கட்சி உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள். மாவட்டங்களுக்கு நேரில் வந்து ஆய்வும் செய்வார்கள். பொதுநலம் சார்ந்த குறையைக் குடிமக்களே பேரவைச் செயலகத்துக்கு எழுதி அனுப்பலாம். உங்கள் உறுப்பினர் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எப்போதாவது அமைச்சர் ஒருவர் அவையில் இந்த வேலையைச் செய்து தருவதாகச் சொல்லியிருந்தால், அது உறுதிமொழிக் குழுவின் கணக்கில் இருக்கும். அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

மனு எழுதும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் அந்தப் புல எண்ணுக்குரிய அ-பதிவேட்டுப் பக்கத்தையும் பாருங்கள். வரத்துக்கால் அதில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் நகல் வாங்கி இணைத்துவிடுங்கள். சாலை வேலை தொடங்கிய மாதம், கால் மூடப்பட்ட இடத்தின் நீளம், ஊரணி வறண்ட ஆண்டுகள் ஆகியவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். வரைவை மகளே எழுதட்டும். இங்கே இட்டால் நான் திருத்தித் தருகிறேன்.


ஊரணிக்கரை:

திங்கட்கிழமை கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கிறோம், ஐயா. மகளும் வருகிறாள்.